நியூக்ளியர் இன்ஜினியரிங் டெக்னாலஜி: எக்ஸெல்சியரா, தாமஸ் எடிசனா?

அமெரிக்கக் கடற்படையின் அணு உலைப் பிரிவிலிருந்து வெளியே வரப்போகிறீர்கள். வேலை பார்த்துக்கொண்டே நியூக்ளியர் இன்ஜினியரிங் டெக்னாலஜியில் இளநிலைப் பட்டம் வாங்க எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு இடையில்தான் தடுமாறுவார்கள்: நியூயார்க் மாநிலம் ஆல்பனியில் உள்ள எக்ஸெல்சியர், நியூ ஜெர்சி மாநிலம் டிரென்டனில் உள்ள தாமஸ் எடிசன். இரண்டுமே 1970களின் தொடக்கத்தில், வேலைக்குப் போகிறவர்கள் படிப்பதற்கென்றே தொடங்கப்பட்டவை. ஆனால் இந்த இரண்டில் எது என்பதற்கு முன்னால், பட்டத்தை வாங்கி எங்கே போகப்போகிறீர்கள் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அணுமின் நிலையத்தில் ஆப்பரேஷன்ஸ், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, பயிற்சிப் பிரிவு என்றால் இந்தப் பட்டம் தாராளமாகப் போதும். நான் நிலையத்தில் பார்க்கிற பழைய நேவிக்காரர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். உலையை இயக்குவதற்கான ஆப்பரேட்டர் லைசென்ஸை என்ஆர்சி (அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம்) கொடுக்கிறது; அதற்கான பயிற்சியை நிலையமே கொடுத்துத் தேர்வுக்கு அனுப்பும். உலை வடிவமைப்பு, ஆராய்ச்சி என்று ஆசை இருந்தால் கதை வேறு. மிச்சிகன், டெக்சஸ் ஏ அண்ட் எம் மாதிரி பல்கலைக்கழகங்களில் முழுநேர நியூக்ளியர் இன்ஜினியரிங் படிப்பதுதான் சரி. உங்கள் நேவி கிரெடிட் (கடற்படைப் பயிற்சியைப் படித்த பாடமாகக் கணக்கில் எடுப்பது) அங்கே அதிகம் செல்லாது, அதற்குத் தயாராக இருங்கள்.

அடுத்தது அபெட் அங்கீகாரம். அபெட் என்பது பொறியியல், தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் அமைப்பு. அபெட்டில் இன்ஜினியரிங் படிப்புக்கு ஒரு கமிஷன், இன்ஜினியரிங் டெக்னாலஜி படிப்புக்கு வேறொரு கமிஷன். பிஇ (புரொஃபஷனல் இன்ஜினியர்) லைசென்ஸ், அதாவது மாநிலம் தரும் பொறியாளர் உரிமம் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த வேறுபாடு பெரிது. டெக்னாலஜி பட்டத்துக்குச் சில மாநிலங்கள் கூடுதல் அனுபவ ஆண்டுகள் கேட்கும், சில மாநிலங்கள் ஏற்பதே இல்லை. நீங்கள் குடியேறப்போகும் மாநிலத்தின் விதியை இப்போதே படித்துவிடுங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பாமல் அபெட் தளத்திலேயே படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இதெல்லாம் தெளிவானால் இரண்டு கல்லூரிக்கும் உங்கள் ஜேஎஸ்டி டிரான்ஸ்கிரிப்டை (ராணுவத்தில் பெற்ற பயிற்சிகளின் அதிகாரப்பூர்வப் பதிவு) அனுப்பி, பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். எத்தனை கிரெடிட் தருகிறார்கள் என்பதோடு விட்டுவிட வேண்டாம். அவை பட்டத்தின் எந்தப் பாடப் பிரிவில் போய் விழுகின்றன என்று பாருங்கள். ஒரு கல்லூரி அள்ளிக் கொடுத்தாலும், எல்லாம் எலெக்டிவில் (விருப்பப் பாடங்களில்) போய்ச் சேர்ந்தால் நியூக்ளியர் பாடங்களை மறுபடியும் காசு கொடுத்துப் படிக்க வேண்டும். இன்னொன்று குறைவாகக் கொடுத்து அதில் பெரும்பகுதியை முக்கியப் பாடங்களில் வைத்தால், அதுதான் உங்களுக்கு லாபம். மிச்சம் இருக்கும் பாடங்களின் பட்டியலை இரண்டு பக்கமும் வாங்கி, ஒன்றுக்கொன்று வைத்துப் பாருங்கள். எனக்குக் கேட்டால், அந்தப் பட்டியல் சின்னதாக இருக்கும் இடத்தில் சேருங்கள் என்பேன்.

பண விஷயம்: பணியில் இருக்கும்போதே டியூஷன் அசிஸ்டன்ஸில் (பணியில் உள்ளவர்களுக்கு ராணுவம் தரும் கல்விக் கட்டண உதவி) முடிந்த பாடங்களை முடித்துவிடுங்கள். 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் (முன்னாள் படையினருக்கு அரசு தரும் கல்வி உதவி) பொதுவாக 36 மாதம்தான். முழுக்க ஆன்லைனில் படித்தால் அதோடு வரும் வீட்டு வாடகைப் படி தேசிய சராசரியில் பாதிதான் கிடைக்கும்.

அப்புறம் கால்குலஸ். அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பணியில் இருக்கும்போதே, முதல் பாடமாக எடுத்துவிடுங்கள்.