கம்யூனிசம் பரவாமல் தடுக்க அமெரிக்கா செய்தவற்றில் உண்மையிலேயே பலித்தது எது?

கொரியா, வியட்நாம், கியூபா என்று பெயர்களை அடுக்கிவிட்டு, "இவ்வளவு காசையும் உயிரையும் கொட்டினார்களே, எங்காவது உருப்படியாக ஏதாவது நடந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது. பெர்லினில், 1948 ஜூனிலிருந்து 1949 மே வரை. அதுவும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மீனம்பாக்கத்தில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். தலைவர்கள் மேடையில் என்ன பேசினார்கள் என்பதைவிட எத்தனை டன் இறங்கியது, எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதில்தான் எனக்குக் கண் போகும். என் பதிலும் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

பின்னணி சுருக்கமாக. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த ஜார்ஜ் கென்னன் 1946 பிப்ரவரியில் வாஷிங்டனுக்கு ஒரு நீளமான தந்தி அடித்தார். சோவியத் யூனியனோடு போருக்கும் போக வேண்டாம், பணிந்தும் போக வேண்டாம், அது விரிய நினைக்கும் இடங்களில் பொறுமையாக, உறுதியாகத் தடுத்து நின்றால் போதும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிரீஸ், துருக்கி இரண்டுக்கும் 40 கோடி டாலர் கேட்டு அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் பேசினார். பிறகு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த மார்ஷல் திட்டம் என்ற பண உதவி வந்தது. இதெல்லாம் காகிதத்தில் இருந்த கொள்கை. அதற்கு நிஜமான பரீட்சை வைத்தது பெர்லின்.

வரைபடத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். போருக்குப் பிறகு ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் என்று நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. பெர்லின் நகரம் சோவியத் பங்குக்குள், எல்லையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே கிடந்தது. ஆனால் நகரத்தையும் தனியாக நான்காகப் பிரித்திருந்தார்கள். ஆக, முதல் மூன்று நாடுகளின் பங்கான மேற்கு பெர்லினில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சுற்றிலும் ஸ்டாலினின் படை. 1948 ஜூனில் மேற்கு மண்டலங்களில் புது நாணயமான டாய்ச் மார்க் வந்தது. பழைய காசு செல்லாமல் போனதும் கடைகளில் பதுக்கி வைத்த சரக்கெல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தது. அந்த நாணயத்தை பெர்லினுக்கும் கொண்டுவந்ததும், ஜூன் 24-ஆம் தேதி சோவியத் தரப்பு ரயில், சாலை, கால்வாய் மூன்றையும் அடைத்துவிட்டது. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. ரயிலுக்கும் சாலைக்கும் எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆனால் 1945 நவம்பரில், விமானங்கள் மோதிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக, தலா 32 கிலோமீட்டர் அகலத்தில் மூன்று வான்பாதைகளை நான்கு நாடுகளும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருந்தன. சாலையில் தடுப்பு வைப்பது சுலபம். வானத்தில் தடுக்க வேண்டுமென்றால் சுட வேண்டும், சுட்டால் போர். ஸ்டாலின் அதற்குத் தயாராக இல்லை. முற்றுகை நடந்த காலம் முழுவதும் பெர்லின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் சோவியத் அதிகாரிகளும் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்பது இன்னும் வேடிக்கை. கீழே பட்டினி போட்டுக்கொண்டே மேலே வழிவிட்டுக் கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே ஆயுதப் படையோடு சாலையைத் திறந்துகொண்டு போகலாம் என்றார். ட்ரூமன் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, விமானத்தில் கொண்டுபோவோம் என்று முடிவானது. நகரத்துக்கு ஒரு நாளைக்கு 4,500 டன்னாவது தேவை. முதல் நாள் போனது சுமார் 80 டன். அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால் இது நடக்காது என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஜூலை கடைசியில் பொறுப்புக்கு வந்தவர் வில்லியம் டன்னர். உலகப்போரில் அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டி சீனாவுக்குச் சரக்கு ஏற்றிய பிரிவை நடத்தியவர். சாபுவா போன்ற அசாம் ஓடுதளங்களில் கற்ற பாடம்தான் பெர்லினில் கைகொடுத்தது. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, பெர்லினுக்கு மேல் மேகமும் மழையும். அங்குள்ள டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் போய் எரிந்தது. அடுத்து வந்ததன் டயர்கள் வெடித்தன. மேலே விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடித்துக் கொண்டிருந்தன. அதில் ஒன்றில் டன்னரும் இருந்தார். அங்கிருந்தபடியே மற்ற எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அதன்பிறகு வந்த விதிகளைப் பாருங்கள். இறங்க ஒரே ஒரு முயற்சிதான். தவறினால் வட்டமடிக்கக் கூடாது, ஏற்றிய சரக்கோடு நடுப்பாதை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பு. ஓர விமானப் பாதைகள் இரண்டும் உள்ளே போக, நடுப்பாதை வெளியே வர. வானிலை எப்படி இருந்தாலும் கருவிகளைப் பார்த்து ஓட்டுவதுதான் முறை. தரையில் இறங்கிய விமானி விமானத்தை விட்டு நகரக் கூடாது. காபியும் தின்பண்டமும் வண்டியில் அவரிடமே வரும். வானிலை அறிக்கையையும் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஒரு விமானம் ஒரு நிமிடம் சும்மா நின்றால்கூட டன்னருக்குப் பொறுக்காது. 12 ஜெர்மானியத் தொழிலாளர்கள் 10 டன் நிலக்கரியை ஆறு நிமிடத்துக்குள் இறக்கியதாகப் பதிவு இருக்கிறது. எங்கள் ஷெட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல், மூட்டை மூட்டையாக!

ஆமாம், மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரிதான். பெர்லின் குழந்தைகளுக்கு விமானத்திலிருந்து மிட்டாய் போட்ட விமானியின் கதை எல்லோருக்கும் தெரியும், அழகான கதைதான். ஆனால் பெர்லினைக் காப்பாற்றியது கறுப்புத் தூசி பறந்த மூட்டைகள். அந்தத் தூசி விமானத்தின் மின்கம்பிகளுக்குள் புகுந்து பராமரிப்பு ஆட்களைப் படாதபாடு படுத்தியது. உருளைக்கிழங்கைக் காயவைத்து எடை குறைத்து அனுப்பினார்கள். உப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது, சாதாரண விமானத்தை உப்பு அரித்துவிடும். கடலில் இறங்கவென்றே செய்த பிரிட்டனின் சண்டர்லேண்ட் விமானங்கள் துருப்பிடிக்காத உடம்போடு இருந்ததால், உப்பை ஏற்றிக்கொண்டு பெர்லினில் ஓடும் ஹாஃபல் ஆற்றின் நீர்ப்பரப்பில் இறங்கின. குளிர்காலத்தில் தண்ணீர் உறையப்போகிறது என்றதும் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மின்நிலையத்துக்கான இயந்திரங்களையே துண்டுபோட்டு விமானத்தில் ஏற்றி, அங்கே மீண்டும் பொருத்தினார்கள்.

இரண்டு விமான நிலையம் போதவில்லை என்று பிரெஞ்சுப் பகுதியில் டேகலில் மூன்றாவதைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெர்லின்காரர்கள், பாதிப்பேர் பெண்கள், இடிந்த கட்டடங்களின் செங்கல்லை உடைத்துப் போட்டு மூன்று மாதத்தில் ஓடுதளத்தை முடித்தார்கள். பக்கத்தில் சோவியத் வானொலிக் கோபுரங்கள் இடைஞ்சலாக நின்றன. எடுங்கள் என்று கேட்டார்கள், எடுக்கவில்லை. டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி கானெவால் அவற்றை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்.

மக்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் மின்சாரம், அதுவும் இரண்டாகப் பிரித்து. சில தெருக்களில் நடு இரவில் எழுந்து சமைத்தார்கள். கிழக்குப் பகுதியில் பெயர் பதிந்தால் ரேஷன் தருகிறோம் என்று சோவியத் தரப்பு அழைத்தது. சிறுபான்மையினர்தான் போனார்கள். நகரத்தின் முகமாக நின்றவர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர். மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் சோவியத் தடையால் பதவி ஏற்க முடியாதவர். அவர் ஒரு காலத்தில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்தவர்! செப்டம்பர் 9 அன்று இடிந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் கூடிய சுமார் மூன்று லட்சம் பேரிடம், உலக மக்களே இந்த நகரத்தைப் பாருங்கள் என்று அவர் பேசியது ஊரறிந்த பேச்சு. கட்சியை உள்ளே இருந்து அறிந்தவர் பேசும்போது அதன் கனமே தனி.

ஆனால் விமானம் மட்டுமே ஸ்டாலினைப் பணியவைத்தது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மேற்கு நாடுகளும் பதிலுக்குக் மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்து கிழக்கு மண்டலத்துக்குப் போன நிலக்கரியையும் எஃகையும் நிறுத்தின. அங்கே தொழிற்சாலைகள் திணறின. முற்றுகையும் ஓட்டையில்லாத முற்றுகை அல்ல. பெர்லின்காரர்கள் கிழக்குப் பகுதிக்குப் போய்ப் பண்டமாற்று செய்து வந்தார்கள். விமானமும் இந்தப் பதில் தடையும் சேர்ந்துதான் வேலை செய்தன. 1949 ஏப்ரல் 16, ஈஸ்டர் சமயத்தில், 24 மணி நேரத்தில் 1,398 விமானங்களில் 12,941 டன் வந்து இறங்கியது. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று. மே 12 அன்று தடை நீங்கியது. அதன்பிறகும் செப்டம்பர் வரை விமானங்கள் ஓடியதையும் சேர்த்து மொத்தம் 23 லட்சம் டன். விபத்துகளில் சுமார் 100 பேர் இறந்தார்கள்; அதில் பிரிட்டன்காரர்கள் 39, அமெரிக்கர்கள் 31.

மற்ற இடங்களில் ஏன் இது பலிக்கவில்லை என்று கேட்பீர்கள். பெர்லினில் இலக்கு சின்னது, தெளிவானது: நகரத்தைப் பட்டினியில்லாமல் வைத்திருப்பது. உள்ளூர் மக்களும் அதையே விரும்பினார்கள். வியட்நாமில் இந்த இரண்டுமே இல்லை. தெற்கே மக்களுக்கு ஒட்டாத ஓர் அரசைத் தாங்கிப் பிடிக்கப் போய், 58,000 அமெரிக்கர்களும் பத்து லட்சக்கணக்கில் வியட்நாமியரும் செத்தார்கள். ஈரானிலும் குவாத்தமாலாவிலும் தேர்தலில் வந்த அரசுகளையே கவிழ்த்தார்கள்; அதைத் தடுப்பு என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. கிரீஸை வெற்றிக்கணக்கில் எழுதுவார்கள், ஆனால் ஸ்டாலினோடு சண்டை போட்டுக்கொண்ட யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ தன் நாட்டு எல்லையை அடைத்ததும் அங்கே பெரிய காரணம். கென்னனே பிற்காலத்தில், தன் யோசனையை ராணுவக் கணக்காக மாற்றிவிட்டார்கள் என்று குறைபட்டார். வியட்நாம் போரையும் எதிர்த்தார்.

ஒரு பின்குறிப்பு. மறுபடியும் அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மேற்கு பெர்லின் பல பத்தாண்டுகள் உணவும் நிலக்கரியும் கிடங்குகளில் சேர்த்து வைத்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990-இல், அந்த இருப்பில் பெரும் பங்கு உதவிப் பொருளாகப் போனது எங்கே தெரியுமா? சோவியத் யூனியனுக்கு.

கியூபாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வேறு கணக்கு. தனிக் கேள்வியாகப் போடுங்கள், எழுதுகிறேன்.