உண்ணுதல் கோளாறுகள்: வாசகர் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பூசினாற்போல் இருந்தவள் ஆறே மாதத்தில் 14 கிலோ குறைந்துவிட்டாள். மாதவிடாய் நிற்கவில்லை, எடையும் உயரத்துக்கேற்றபடிதான் இருக்கிறது, கவலை வேண்டாம் என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை. எடை ஏறாதபடி உணவை மிகக் குறைத்து உடல் உருக்குலையும் நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயர். மாதவிடாய் நின்றிருந்தால்தான் அந்நோய் என்ற நிபந்தனையை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் நீக்கிவிட்டது. ஆண்களுக்கும் பூப்பெய்தாத சிறுமியருக்கும் கருத்தடை மாத்திரை உட்கொள்வோருக்கும் அது பொருந்தவில்லை. மற்ற அறிகுறிகள் எல்லாம் இருந்தும் மாதவிடாய் தவறாத பெண்களின் நிலையும் ஏனையோருடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. எடை வரம்புக்குள் இருக்க, மற்றவை அனைத்தும் பொருந்தி வரும் நிலைக்கும் அக்கையேட்டில் இடமுண்டு; அதை லேசான வகையென்று கொள்ளக் கூடாது. இழந்த எடையின் அளவும் வேகமுமே நாடித்துடிப்பைக் குறைத்து, எழுந்து நின்றால் தலைசுற்ற வைக்கும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய எடைக் குறிப்புகள் கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இன்றைய எடையைவிட, அவளது வளர்ச்சிக்கோடு எந்த மாதத்தில் சரிந்தது என்பதே மருத்துவருக்கு அதிகம் பயன்படும்.

கேள்வி: எதையும் உண்ண மறுக்கும் என் தங்கை மணிக்கணக்கில் சமையல் வீடியோ பார்க்கிறாள். பாயசம் வைத்து, நாங்கள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். தான் ஒரு வாய் தொடுவதில்லை. இது நடிப்பா?

பதில்: நடிப்பல்ல, பட்டினியின் விளைவு. 1944-45-இல் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகக் கொண்டு, 24 வாரங்கள் அரைவயிற்று உணவு அளித்து ஆராய்ந்தார். உண்ணுதல் கோளாறு எதுவும் இல்லாத அந்த ஆண்கள், உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்த நிலையில், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டிலிருப்பதை விநோதமாகக் கலந்து நெடுநேரம் இழுத்து உண்டார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களைவிட்டு ஒதுங்கினார்கள். ஆகவே உங்கள் தங்கையின் பிடிவாதத்தில் எவ்வளவு நோயினுடையது, எவ்வளவு பட்டினியினுடையது என்பதை உடல் ஓரளவு தேறிய பிறகே பிரித்துப் பார்க்க முடியும். அதுவரை அவளோடு வாதிட்டு ஜெயிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: உளவியல் மாணவன் நான். இக்கோளாறுகளின் வகைப்பாடு ஏன் அடிக்கடி மாறுகிறது?

பதில்: பெட்டிகளுக்குள் நோயாளிகள் அடங்காததால். கட்டுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்டும் புலிமியா நெர்வோசாவை லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-இல்தான் தனித்து விவரித்தார். அக்கையேட்டின் 1994-ஆம் ஆண்டுப் பதிப்பான டி.எஸ்.எம்.-4, அனோரெக்ஸியா, புலிமியா இரண்டையும் வரையறுத்துவிட்டு, எஞ்சியவற்றை எல்லாம் 'வேறு வகையில் குறிப்பிடப்படாதவை' என ஒரே இடத்தில் போட்டது. பல சிகிச்சை மையங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த எச்சத்துக்குள்தான் வந்து விழுந்தார்கள். ஒரே நபர் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு பெயரிலிருந்து மறு பெயருக்கு நகர்வதையும், உடல்வடிவையும் எடையையும் வைத்தே தன்னை மதிப்பிடும் போக்கு எல்லோரிடமும் பொதுவாக இருப்பதையும் சுட்டிய ஆக்ஸ்போர்டின் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன், அந்தப் பொது அடித்தளத்துக்கே சிகிச்சை வகுத்தார். டி.எஸ்.எம்.-5, வாந்தி போன்ற ஈடுகட்டல் இன்றிக் கட்டுமீறி உண்ணும் கோளாறைத் தனி நோயாக ஏற்றதோடு, புலிமியா என்று கொள்ள அந்நடத்தை வாரம் இருமுறையாவது நிகழ வேண்டும் என்றிருந்த வரம்பை ஒருமுறையாகத் தளர்த்தியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11-ம் கட்டுமீறி உண்ணலுக்குத் தனி இடம் தந்தது. ஆய்வாளர்கள் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதற்கு இக்கோடுகள் தேவை. சிகிச்சைக்கு யார் தகுதியானவர் என்று அளந்து கொடுக்கும் ரேஷன் அட்டையாக அவை மாறும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண்ணையோ (பி.எம்.ஐ.) நோயின் காலத்தையோ மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2017-இல் சொன்னதும் இதைத்தான்.

கேள்வி: இது மேலைநாட்டு நோய்தானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லாமல், வயிறு உப்புகிறது, பசியில்லை என்றே கூறி உருக்குலைந்த நோயாளிகளை ஹாங்காங்கின் மனநல மருத்துவர் சிங் லீ 1990-களில் விவரித்தார். பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை ஏறாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தாலே போதும் என்று டி.எஸ்.எம்.-5 ஏற்கிறது.

கேள்வி: மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே பார்ப்பதா?

பதில்: உடல்நிலை அனுமதித்தால் வீடும் சமூகமுமே சிகிச்சைக்களம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு 1987-இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நோயுற்று மூன்றாண்டுகள் கடக்காதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை நன்கு பலித்தது. இன்று அதன் வழிவந்த முறையில், என்ன, எவ்வளவு, எப்போது என்பதை முதலில் பெற்றோரே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் உடன் அமர்கிறார்கள். எடை தேறத் தேறப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. ஒரே இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்கும் மகளின் எதிரே, திட்டாமலும் கெஞ்சாமலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது எளிதல்ல; அதற்குப் பெற்றோருக்கே வாராவாரம் துணை தேவை.

ஜெர்மனியில் 11 முதல் 18 வயது வரையிலான 172 பெண் நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்தபின் பகல்நேர மையத்துக்கு மாறியவர்கள், வார்டிலேயே தொடர்ந்தவர்களைவிட ஓராண்டு முடிவில் எடையில் பின்தங்கவில்லை.

ஆனால் மயக்கம், மிகக் குறைந்த நாடித்துடிப்பு, பொட்டாசியச் சரிவு, பல நாள் அறவே உண்ணாமை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேருங்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் உணவு திடீரெனக் கூடும்போது, சுரக்கும் இன்சுலின் பாஸ்பேட்டை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுக்க, இதயமும் மூச்சும் தடுமாறக்கூடும். அத்தகைய நிலையில் உள்ளவருக்கு உணவை மருத்துவர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். தையமின் (வைட்டமின் பி1) கொடுத்து, முதல் சில நாட்களுக்கு ரத்த உப்புகளைத் தினமும் பார்த்தபடியே அளவைக் கூட்ட வேண்டும்.