பதினாறு பிட்டுக்கு மட்டும்

அன்புள்ள ஐயா,

பழைய கணினிகளைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் அப்பா கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியராக இருந்து 1993இல் ஓய்வு பெற்றவர். போன வருடம் காலமானார். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே தெர்மாகோலில் குத்திவைத்த ஐசிகள். பெரும்பாலானவை சின்னச் சின்னவை. மூன்று மட்டும் பெரியவை.

ஒன்று கறுப்பு பிளாஸ்டிக், நாற்பது கால். ‘பி8088’, அதன் கீழ் ‘எல்631’ என்று தொடங்கும் நீண்ட எண், அதற்கும் கீழ் ‘இன்டெல் 1978’. இரண்டாவதும் நாற்பது கால்தான், ‘கே.பி.580 பி.எம்.80ஏ’ என்று இருக்கிறது, இணையத்தில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. மூன்றாவது சதுரமான செராமிக், அடியில் ஏகப்பட்ட தங்க நிறக் கால்கள். ‘ஏ80386-16’ என்றும், ‘16 பிட் சாஃப்ட்வேர் மட்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கின்றன. அது கழிவுப் பீஸ் என்கிறார் நண்பர். காயலான் கடைக்காரர் அதை மட்டும் தங்கத்துக்காக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இவற்றைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் நல்ல விலை போகுமா? இன்டெலின் முதல் மைக்ரோபிராசசரான 4004 லட்சக்கணக்கில் போவதாகப் படித்தேன். எனக்கே சேகரிக்கும் ஆசையும் வந்துவிட்டது.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

முதலில் அவற்றைத் தெர்மாகோலிலிருந்து எடுங்கள். தெர்மாகோல் நிலைமின்சாரத்தைத் தேக்கிவைக்கும். அந்தக் காலத்துச் சிப்புகளுக்கு அது எமன். அலுமினியத் தாளை நாலைந்து மடிப்பாக மடித்து, எல்லாக் கால்களும் அதைத் தொடும்படி குத்திவையுங்கள். கடையில் விற்கும் கறுப்பு நுரையும் நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் கிடந்த நுரை பொடிந்து ஒட்டிக்கொண்டு கால்களை அரிக்கும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

துடைக்காதீர்கள். பழைய நாணயம் சேர்ப்பவர்கள் புளி போட்டுத் தேய்ப்பவரைக் கண்டால் பதறுவார்களே, அதே பதற்றத்தோடு சொல்கிறேன். செராமிக் மேல் இருப்பது பெரும்பாலும் மை. ஸ்பிரிட்டோ அசிட்டோனோ பட்டால் சில சமயம் ஒரே துடைப்பில் போய்விடும். மேலே இருக்கும் எழுத்து போனால் அந்தச் சிப்பை யார், எப்போது, எந்த நிலையில் வெளியே விட்டார்கள் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. தூசு இருந்தால் மெல்லிய தூரிகை போதும். எழுத்து மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், தெரியும்.

8088இலிருந்து தொடங்கலாம். அதில் உள்ள 1978 உற்பத்தி ஆண்டு இல்லை, வடிவமைப்புக்கான காப்புரிமை (காப்பிரைட்) ஆண்டு. 8088 சந்தைக்கு வந்ததே 1979இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு அதன் முதுகில் இருப்பதே இதற்குச் சாட்சி. பிறந்த தேதி அந்த நீண்ட எண்ணில் இருக்கிறது. முதல் எழுத்து ஆலையைக் குறிக்கும். ‘எல்’ என்றால் மலேசியா. 1972 முதலே பினாங்கில் இன்டெலுக்கு ஆலை உண்டு. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். ஆக 6ஆம் எண்ணில் முடியும் ஆண்டின் 31ஆவது வாரம். 1976 ஆக முடியாது. உங்கள் அப்பா ஓய்வு பெற்றது 1993. எனவே 1986, ஜூலை கடைசி. முன்னால் உள்ள ‘பி’ பிளாஸ்டிக் உறையைச் சொல்கிறது. ‘சி’ என்றிருந்தால் செராமிக். ஐ.பி.எம். 1981இல் தன் முதல் பி.சி.யை இந்த 8088ஐ வைத்துத்தான் கட்டியது. அதன் பிறகு பல நிறுவனங்கள் இதை லட்சக்கணக்கில் செய்து குவித்ததால் விலை ஒன்றும் பெரிதாக இராது. விற்பவர்கள் பலர் இந்தக் காப்புரிமை ஆண்டைக் காட்டி ‘1978 மாடல்’ என்று விலையை ஏற்றுவார்கள். வாங்கப் போகும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது இணையத்தில் கிடைக்காததற்குக் காரணம் எழுத்து. நீங்கள் அதை ஆங்கிலமாக வாசித்திருக்கிறீர்கள். அது ரஷ்ய எழுத்து. ஆங்கில ‘பி’ போல் தெரிவது அங்கே ‘ர்’ ஒலி, ஆங்கிலத்தின் இன்னொரு ‘பி’ போல் தெரிவது ‘வ்’. ஆக அது கே.ஆர்.580 வி.எம்.80ஏ. இன்டெல் 1974இல் வெளியிட்ட 8080 சிப்பின் சோவியத் பிரதி, கீவ் நகரில் உருவான 580 வரிசையைச் சேர்ந்தது. அனுமதி பெறாமல் எடுத்த பிரதிதான். (அமெரிக்காவிலேயே ஏ.எம்.டி. என்ற நிறுவனம் முதலில் 8080ஐ அப்படித்தான் பிரதி எடுத்தது. ஒப்பந்தம் பிறகு வந்தது.) இதைச் சோதிக்க எழுத்தே தேவையில்லை. மேற்கில் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர், அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. சோவியத்தில் மெட்ரிக் அளவு என்பதால் 2.5. ஒரு பக்கத்துக்கு இருபது கால், பத்தொன்பது இடைவெளி. கடைசிக் காலுக்கு வரும்போது முக்கால் மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். உங்கள் 8088ஐ இதன் பக்கத்தில் வைத்து முதல் காலை நேர்ப்படுத்திக் கடைசிக் காலைப் பாருங்கள். ஏற்றுமதிக்கென்று 2.54இல் செய்தவையும் உண்டு. உங்களுடையது எது என்று எனக்கு எழுதுங்கள், ஆவலாக இருக்கிறது.

இனி அந்தக் ‘கழிவுப் பீஸ்’. மூன்றிலும் நான் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவது அதைத்தான்.

80386 வந்தது 1985இல். 2,75,000 டிரான்சிஸ்டர், 132 கால், 8086இன் வழிவந்த (எக்ஸ்86) சிப்புகளில் இன்டெலின் முதல் 32 பிட் சிப், அதாவது 32 இரும இலக்கங்கள் கொண்ட எண்ணை ஒரே வீச்சில் கையாள்வது. 1986இல் காம்பாக் நிறுவனம் இதை வைத்து டெஸ்க்புரோ 386 கணினியை இறக்கியது. 1987இல் ஒரு கோளாறு தெரிந்தது: இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்கும்போது சில சிப்புகளில் விடை தப்பாக வந்தது. எப்போதும் வராது. குறிப்பிட்ட வெப்பமும் மின்னழுத்தமும் சிப்பின் கடிகார வேகமும் கூடி வரும்போது மட்டும் வரும். ஒரு இயந்திரத்தில் ஒழுங்காக ஓடும் சிப் இன்னொன்றில் தவறும் என்றால் அதைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

இன்டெல் சிப்புகளைத் திரும்பச் சோதித்தது. தேறியவற்றின் மேல் கிரேக்க எழுத்தான சிக்மாவை இரண்டு முறை அச்சிட்டார்கள். தேறாதவற்றை உடைத்துப் போடவில்லை. 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று முத்திரை குத்தி விற்றார்கள். அன்றைக்கு மேசைக் கணினிகளில் ஓடிய இயங்குதளம் டாஸ். அதற்கு 16 பிட் போதும், அந்தப் பெருக்கல் கட்டளை பெரும்பாலும் வரவே வராது. வாங்கியவர் ஏமாறவில்லை. இந்த அளவுக்குத்தான் இதை நம்பலாம் என்பதைச் சிப்பின் முகத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தன் பொருளின் குறையைப் பொருளின் மேலேயே அச்சடித்து விற்ற உற்பத்தியாளர்களை நான் அதிகம் கண்டதில்லை. அதற்காகவே இந்த முத்திரை மேல் எனக்கு மரியாதை.

1985இலும் இந்த வரி இல்லை, கோளாறு சரியான பிறகும் இல்லை. 1987ஐ ஒட்டிய குறுகிய காலத்தின் அடையாளம் அது. சேகரிப்பவர்கள் இதைத் தேடுவது அதனால்தான். காயலான் கடைக்குப் போனால் அமிலத்தில் கரைந்து, மிகச் சிறிதளவு தங்கமாகிவிடும். டெல்லி சீலம்பூரில் மூட்டை மூட்டையாக இப்படிப் போகின்றன. அமிலத்தில் கைவிடும் தொழிலாளியின் உடம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

4004ஐப் பற்றிக் கேட்டீர்கள். 1971 நவம்பரில் அறிவித்தார்கள், வெறும் 16 கால். வெள்ளைச் செராமிக்கும் தங்க மூடியும் கொண்ட ஆரம்பகாலப் பீஸ்களில், செராமிக்கினூடே சாம்பல் கோடுகள் தெரிபவைதான் பெருவிலை போகின்றன. அங்கிருந்து தொடங்காதீர்கள். விலை ஏறிய இடத்தில் போலியும் இருக்கும். கறுப்புச் சிப்புகளில் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு, மேலே கறுப்புப் பூச்சு பூசி, வேறு பெயர் போடுவார்கள். முதல் காலைக் காட்டும் சின்னக் குழியைப் பாருங்கள். பூச்சு அதில் இறங்கி மேடாகியிருந்தால் சந்தேகப்படுங்கள். மேற்பரப்பின் சொரசொரப்பு பக்கவாட்டிலிருந்து மாறியிருந்தாலும் அப்படியே. அசிட்டோன் சோதனையும் உண்டு, ஆனால் அதைச் செய்தால் நல்ல சிப்பின் எழுத்தும் போகலாம்.

இன்னொன்று. சர்வீஸ் இன்ஜினியர்கள் அந்தக் காலத்தில் எந்த இயந்திரத்தில் எதைக் கழற்றி எதைப் போட்டோம் என்று நோட்டில் குறித்துவைப்பார்கள். உங்கள் 386 எந்த இயந்திரத்திலிருந்து, எந்த ஊரில், என்ன காரணத்துக்காகக் கழற்றப்பட்டது என்பது சிப்பின் மேல் எழுதியிருக்காது. அப்பாவின் பழைய டைரிகள் பரணில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1987 முதல் 1993 வரை உள்ளவற்றை முதலில் புரட்டுங்கள்.

அன்புடன்