மண்ணின் பி.எச். 4.9. சுண்ணாம்பு, கோழி எரு, சூப்பர் பாஸ்பேட் மூன்றையும் ஒரே நாளில் போடலாமா?

போடாதீர்கள். போட்டுக் கெட்டவன் சொல்கிறேன்.

பி.எச். என்பது மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். 4.9 என்றதுமே நீங்களும் எங்களைப் போல மலைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். மழை விட்ட இடைவெளியில், கூலிக்கு ஆள் கிடைத்த அன்றே எல்லாவற்றையும் இறைத்துவிட்டால் ஒரு நாள் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு முப்பது சென்ட் கிழங்குத் தோட்டம். டோலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) கிடைக்கவில்லை என்று, சுவருக்கு அடிக்கிற நீற்றிய சுண்ணாம்பையே நாலு மூட்டை வாங்கி வந்தேன். சமவெளியிலிருந்து லாரியில் வந்த கோழி எரு, சரியாக மக்காதது, காலையில்தான் பரப்பியிருந்தோம். ஈர எருவின்மேல் சுண்ணாம்பு விழுந்த கால் மணி நேரத்தில் ஒரு நெடி கிளம்பியது. வேலைக்கு வந்த அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன தம்பி, மருந்து அடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மருந்தல்ல, அம்மோனியா. எருவில் இருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) என் கண்ணெதிரே காற்றில் போய்க்கொண்டிருந்தது. சூப்பர் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்தால் அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு பயிருக்குக் கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அத்தோடு போகவில்லை. அதே நிலத்தில் உடனே உருளை நட்டேன். கிழங்கு தோண்டியபோது தோலெல்லாம் சொறி. சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைக்கும்; புளிப்பு குறைந்த மண்தான் சொறி நோய்க்குப் பிடிக்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் ஒருவர் கிழங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். விலையைக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

உடனே யாராவது வந்து "ரசாயனமே வேண்டாம், சாணி போதும்" என்று எழுதுவார்கள். நானும் சாணி போடுகிறவன்தான் ஐயா. ஆனால் இங்கே கொட்டுகிற மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. பல வருடம் போட்ட அம்மோனியம் சல்பேட்டும் தன் பங்குக்குப் புளிப்பை ஏற்றியிருக்கிறது. சாணி மட்டும் அதை ஈடுகட்டிவிடும் என்று நான் நம்பவில்லை. உங்கள் நிலத்தில் ஈடுகட்டினால் சந்தோஷம்.

இப்போது நான் செய்வது: முதலில் டோலமைட் தூள், கொத்தி மண்ணோடு கலந்துவிடுவேன். மேலாகத் தூவி விட்டால் அங்கேயே கிடக்கும். மூன்று வாரம் கழித்து மக்கிய எரு, அடியுரம். சுண்ணாம்பு போட்ட போகத்தில் கேரட் அல்லது முட்டைக்கோஸ். கோஸில் வேர் வீங்கும் நோயும் குறைகிறது. உருளை அதற்கு அப்புறம்தான். எவ்வளவு மூட்டை என்று என்னைக் கேட்காதீர்கள். பரிசோதனை நிலையத்தில் சுண்ணாம்புத் தேவையையும் கணக்கிட்டுத் தரச்சொல்லுங்கள். ஒரே 4.9 என்றாலும் களியும் மக்கிய பொருளும் மிகுந்த மண், மணல் மண்ணைவிட அதிகம் கேட்கும்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்து, போன போகம் கேரட் நன்றாக வந்தது. அறுவடைக்கு எட்டு நாள் இருக்கையில் காட்டெருமைகள் இறங்கி நாலு பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டன. இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்தால் புகைப்படம் தெளிவாக இல்லையாம். ராத்திரி ஒரு மணிக்கு, பத்தடி தூரத்தில் எருமை நிற்கிறது, இதற்குமேல் தெளிவாக எப்படி எடுப்பது?