டர்போ ஸ்விஃப்டை ஸ்டொக் கிளாஸ் ஓட்டோகிராஸுக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு தம்பியிடம் டர்போ உள்ள சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இருக்கிறது. கூம்பு வைத்து, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓடும் ஓட்டோகிராஸ் போட்டியில், பெரிதாக ஒன்றும் மாற்றாத ஸ்டொக் கிளாஸில் ஓட ஆசை. "கீழே இறக்கும் ஸ்பிறிங் போடவா, ஈ.சி.யு டியூன் செய்யவா, எதில் தொடங்க?"

தம்பி, இரண்டிலும் தொடங்க வேண்டாம். ஸ்பிறிங்கோ, எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யுவோ, ஒன்றில் கைவைத்த அன்றே நீங்கள் ஸ்டொக் கிளாஸில் இல்லை. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன், அதனால்தான் வேலை முடிந்து வந்தவுடன் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை ஓரளவுக்கு ஊகிக்கிறேன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஏறிய விலையில்தான் வாங்கியிருப்பீர்கள். வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். கராஜில் யாரோ ஒரு அண்ணா "ஸ்பிறிங் மாத்தினால் கார் ரோட்டில ஒட்டிக்கொண்டு போகும்" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது வேறு கிளாஸ்.

நான் எட்டு வருடம் நியூ ஜெர்சியில் இருந்தேன். அங்கே ஃபோர்ட் ஃபியெஸ்டா எஸ்.டி ஒன்று வாங்கினேன்: 1.6 லீற்றர் டர்போ, 197 குதிரைவலு, முன் சக்கர இழுவை. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ என்கிற கார்ப் பந்தயக் கழகத்தின் விதிகளின்படி ஓடுவார்கள். 2014 இல் பழைய ஸ்டொக் பிரிவுக்கு ஸ்ட்ரீட் என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் ஆட்கள் ஸ்டொக் என்றுதான் சொல்வார்கள். அந்த விதியை வாசிக்காமலே நான் முதல் மாதம் ஸ்பிறிங்கை மாற்றினேன். கார் பார்க்க வடிவாக இருந்தது. போட்டி நாளில் பதியப் போனால், ஸ்பிறிங் மாற்றியபடியால் மேல் பிரிவுக்குப் போ என்றார்கள். அங்கே வந்தவர்கள் பத்து வருடமாகக் காரைச் செதுக்கினவர்கள். நான் கடைசி. போதாததற்கு எனது வேகமான ஓட்டத்தில் ஒரு கூம்பைத் தட்டிவிட்டேன். ஒரு கூம்புக்கு 2 செக்கன் தண்டம்.

அதே நாளில், அதே மாடல் காரில், அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா ஸ்ட்ரீட் பிரிவில் ஓடினார். தொழிற்சாலை ஸ்பிறிங், தொழிற்சாலை எஞ்சின். கூம்புத் தண்டத்தைச் சேர்க்காமலே என்னைவிட 3 செக்கன் குறைவு. நான் போய்க் கேட்டேன், காரில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று. அவர் எனது ரயரில் எவ்வளவு காற்று என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பொக்கற்றிலிருந்து வெண்கட்டி எடுத்து, எனது முன் ரயரின் ஓரத்தில், ஓடும் பக்கத்திலிருந்து பக்கச்சுவர் வரைக்கும் மூன்று இடத்தில் கோடு போட்டுவிட்டு, ஓடிவிட்டு வா என்றார். வந்து பார்த்தால் பக்கச்சுவரில் இருக்கிற சின்ன முக்கோண அடையாளத்தையும் தாண்டி வெண்கட்டி அழிந்திருந்தது. அதாவது திருப்பத்தில் ரயர் மடிந்து, பக்கச்சுவரில் கார் ஓடியிருக்கிறது. 36 பி.எஸ்.ஐ இருந்தது. 41 ஆக்கின பிறகு அழிவு முக்கோணத்தோடு நின்றது. அந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை, நேரம் ஒரு செக்கனுக்கு மேல் குறைந்தது.

அடுத்த கிழமையே பழைய ஸ்பிறிங்கைத் திரும்பப் பூட்டினேன்.

இனி உங்கள் கார். இசட்.சி.33.எஸ் என்கிற மாடல் என்றால் 1.4 லீற்றர் டர்போ, 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அந்த முறுக்கு 2,500 சுற்றிலேயே வந்துவிடும். ஜப்பான் மனுவல் கியர் காரின் எடை 970 கிலோதான். இந்த விளையாட்டுக்கு அந்த எடை பெரிய கொடை. முன் சக்கர இழுவைக் காரில் முன் ரயர்தான் எல்லாம் செய்ய வேண்டும்: திருப்ப வேண்டும், இழுக்க வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்க வேண்டும். பின் ரயர் சும்மா கூட வருகிறது. ஆகவே நீங்கள் செய்வதெல்லாம் முன் ரயரின் சுமையைக் குறைத்து, பின் பக்கத்தைக் கொஞ்சம் சுழல விடுவதுதான். பின் ரயருக்குக் காற்றைக் கூட்டினால் அதன் பிடி கொஞ்சம் குறையும், கார் திரும்பும். எனது ஃபியெஸ்டாவில் முன் 41, பின் 45 வரைக்கும் போனேன். அந்த எண்களை அப்படியே உங்கள் காருக்கு எடுக்க வேண்டாம். அது கனத்த கார், வேறு ரயர். வெண்கட்டி சொல்வதைக் கேளுங்கள்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ரயரில் செலவழியுங்கள். அங்கே ஸ்ட்ரீட் பிரிவில் பக்கச்சுவரில் போட்டிருக்கும் தேய்மான எண் 200 க்குக் குறையாத ரயர்தான் போடலாம். றிம்மின் அகலம் தொழிற்சாலை அகலமாகவே இருக்க வேண்டும், விட்டம் ஒரு அங்குலம் கூடலாம் குறையலாம். உங்கள் காரோடு வரும் ரயர் அளவு 195/45, 17 அங்குலம். அதே றிம்மில் 205/45 உட்காரும். அதற்குப் பிறகு சொக் அப்சோபர். அதை மாற்றலாம், ஸ்பிறிங் இருக்கும் உயரத்தை மாற்றக்கூடாது. சாய்வுக் கம்பியை, அன்ரி ரோல் பார் என்பார்கள், முன்னால் அல்லது பின்னால் ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம். முன் இழுவைக் காருக்குப் பின் பக்கம் தடித்த கம்பி. அதைப் போட்டால் திருப்பத்தில் உள்பக்கப் பின் சக்கரம் நிலத்தைவிட்டுத் தூக்கும். முதல் தடவை பயமாக இருக்கும். அது சரிதான், பயப்பட வேண்டாம். சைலென்சரில், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ளதை மாற்றலாம், பிரேக் பாட் மாற்றலாம், எயார் ஃபில்டர் மாற்றலாம். ஸ்பெயார் வீலையும் ஜாக்கையும் இறக்கிவிடுங்கள், கால் விரிப்பையும் எடுத்துவிடுங்கள். இவை நான் ஓடிய விதிகள். நீங்கள் தெற்கில் ஓடப்போகிற போட்டியை நடத்துபவர்களின் விதிப் புத்தகத்தை முதலில் எடுத்து வாசியுங்கள், ஒரு நட்டைக் கழற்ற முதல்.

அலைன்மென்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் காரின் முன் ஸ்ரட்டை, அதாவது ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும் சேர்ந்த தூணை, சக்கரத்தோடு பூட்டுகிற இரண்டு போல்ட்டுக்கும் துளையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இளக்கி, சக்கரத்தின் மேற்பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கினால், கிடைக்கிற கொஞ்சக் கம்பரும், அதாவது அந்த உட்சாய்வும், உதவி. இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். முன் சக்கரங்கள் நேராகப் பார்க்கிற நிலையிலிருந்து சற்று வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள், இதை ரோ என்பார்கள். ஆனால் வேலை நடக்கும்போது கூட நில்லுங்கள். நான் திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு இடத்தில் காரைக் கொடுத்தேன். எல்லாம் பச்சையாக அச்சடித்த தாள் தந்தார்கள். வீட்டுக்கு வந்து நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு நட்டிலும் சாவி படவில்லை, தூசி அப்படியே இருந்தது. தொழில் தெரிந்தவன் அப்படிச் செய்யக்கூடாது.

டர்போ பற்றி. ஓட்டோகிராஸில் பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். எஞ்சின் சுற்று விழுந்தால் டர்போ தூங்கிவிடும், திருப்பம் முடிந்து மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. ஆகவே ஒரு கூம்பு முன்னதாக, மெல்லமாகக் காலை வைக்க வேண்டும். அடித்து மிதித்தால் முன் சக்கரம் சுழன்று ரயர் எரியும். இன்னொன்று சூடு. ஓட்டத்துக்கு ஓட்டம், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் சூடேறி, உள்ளே போகிற காற்றும் சூடாகி, பெற்றோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். ஈ.சி.யு அதைக் கேட்டுவிட்டு இக்னிஷனைப் பின்னால் இழுக்கும், அதாவது பொறி வைப்பதைப் பிந்தவிடும், வலு குறையும். சித்திரை வெயிலில் இங்கே அது கட்டாயம் நடக்கும். இன்டர்கூலரை மாற்ற விதி இடம் தராது. ஆகவே வரிசையில் நிற்கும்போது பொனட்டைத் திறந்து விடுங்கள், நிழலில் நிறுத்துங்கள், ரயருக்குத் தண்ணீர் தெளியுங்கள், 92 அல்ல 95 பெற்றோல் அடியுங்கள். தாங்கியில் கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள், நீண்ட திருப்பத்தில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

எஞ்சின் தட்டுவது என்றால் என்ன என்று எனக்கு ஈ.சி.யு படிப்பிக்கவில்லை, அப்பா படிப்பித்தார். 90 களில், யுத்த காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் போத்தலில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற காலம். கொக்குவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேற்றரில் சில துளி பெற்றோல், சூடேறினவுடன் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்குத் தட்டாமல் எரிகிற குணம் குறைவு. அப்பா என்னைப் பொனட்டுக்குக் கிட்ட நிறுத்தி, "காதைக் குடு, தட்டுது கேக்குதோ?" என்பார். பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ரிபியூட்டரைக் கையால் ஒரு மயிரிழை திருப்புவார். சத்தம் நின்றுவிடும். எதையும் வாங்க முடியாத இடத்தில், இருக்கிறதை எவ்வளவு துல்லியமாகச் சரிபண்ணலாம் என்று பார்த்தவர். நியூ ஜெர்சியில் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அந்தக் கார் இப்போது எங்களிடம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனாலும் எழுதுகிறேன். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு 2010 இல் ஒரு தரகர் வந்தார். கலியாண ஊர்வலத்துக்கு வைத்திருப்பேன், கழற்ற மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லி, சொற்ப விலைக்குக் கொண்டு போனார். மூன்று மாதத்தில் அது கைமாறி, எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பா விற்கிறபோது நான் நியூ ஜெர்சியில், தொலைபேசியின் மறுமுனையில் இருந்தேன். விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தடையையும் செல்லடியையும் தாண்டி ஓடின கார். இப்போதும் ஊரில் யாராவது பழைய கார் விற்கப்போகிறேன் என்றால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

"நீ என்ன சாம்பியனா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. நான் எங்கள் பிரிவில் நடுவில் ஓடினவன், ஒரு வருடம் மட்டும் முதல் மூன்றுக்குள் வந்தேன். ஸ்பிறிங் மாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஸ்டொக் கிளாஸ் என்று கேட்டபடியால் ஸ்டொக் கிளாஸுக்குப் பதில் சொல்கிறேன். வீதியில் வேகமாக ஓட இதை எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பலாலி வீதியிலும் ஏ-9 இலும் இரவில் ஓடிச் செத்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் இருந்திருக்கிறேன். எங்கள் பெடியளுக்கு ஒரு தட்டையான தார்த் தளம் கிடையாது, போட்டி என்றால் 400 கிலோமீற்றர் தெற்கே போக வேண்டும், அதுதான் எனது ஆற்றாமை. நான் பழகுவது தெரிந்த ஒருவரின் அரிசி ஆலையில், நெல் காயவிடுகிற சீமெந்துத் தளத்தில், அறுவடை இல்லாத மாதங்களில், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு. எட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும். 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போக இடமில்லை, ஆனால் காற்றுக்கும் காலுக்கும் அது காணும்.

நல்ல காற்றுக் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள், பெற்றோல் செற்றில் தொங்குகிறதை நம்ப வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பெட்டி வெண்கட்டி. முதல் ஆறு ஓட்டத்துக்கும் முன், பின் காற்று, நேரம், வெண்கட்டி எதுவரை அழிந்தது என்று எழுதி இங்கே கீழே போடுங்கள். பின் ரயரை எவ்வளவு ஏற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.