ஸ்கிப்பர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பாய்மரப் படகு ஓட்டக் கற்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். வரும் ஜூன் மாதம் இரண்டு குடும்பமாக எட்டுப் பேர் குரோஷியாவின் ஸ்பிளிட் பக்கம் லகூன் 42 என்ற கேட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கப்போகிறோம். வாடகை 6,400 யூரோ, டெபாசிட் 4,000 யூரோ. ஸ்கிப்பர் (படகை ஓட்டித் தரும் மாலுமி) வைத்தால் ஒரு நாளைக்கு 230 யூரோ, சாப்பாடு தனி. நானே கற்றுக்கொண்டால் அந்தப் பணம் மிச்சம்தானே? பாய்மரப் படகில் இதுவரை ஏறியதில்லை. பயிற்சிச் செலவை கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா?

பதில்: முதலில் கணக்கு. ஏழு நாள் ஸ்கிப்பருக்கு 1,610 யூரோ. சாப்பாட்டுக்கு நாளுக்கு 35 வைத்தால் இன்னொரு 245. மொத்தம் 1,855 யூரோ. ஒரு பவுண்டுக்கு 1.15 யூரோ என்று எடுத்தால் ஏறக்குறைய 1,613 பவுண்ட்.

இனி பயிற்சி. குரோஷியாவில் ஸ்கிப்பர் இல்லாமல் படகு கிடைக்க வேண்டுமென்றால் அந்நாட்டு அமைச்சகம் ஏற்கும் ஓட்டுநர் சான்றிதழும் வி.எச்.எஃப். ரேடியோ (படகுகள் பேசிக்கொள்ளும் வானொலி) சான்றிதழும் வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலானோர் போகும் வழி, ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் படகோட்ட அமைப்பின் டே ஸ்கிப்பர் பயிற்சியை முடித்து, அதைக் காட்டி ஐ.சி.சி. என்ற பன்னாட்டுத் தகுதிச் சான்றிதழை வாங்குவது. டே ஸ்கிப்பர் ஐந்து நாள் பயிற்சி என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதில் சேரும் முன்பே ஐந்து நாள் கடல் அனுபவம், 100 மைல், நான்கு மணி நேர இரவுப் பயணம் கேட்பார்கள். இதுவரை படகே ஏறாத உங்களுக்கு முதலில் காம்பிடன்ட் க்ரூ என்ற இன்னொரு ஐந்து நாள் பயிற்சி தேவைப்படும். ஆக இரண்டு வார விடுப்பு. வேலையில் அது கிடைக்குமா என்பதை இன்றே பாருங்கள்.

திட்டமிட நான் போடும் தொகைகள்: காம்பிடன்ட் க்ரூ 750, டே ஸ்கிப்பர் 850, அதற்கான தியரி வகுப்பு 350, ரேடியோ வகுப்பும் தேர்வும் 190, மழைக்கோட்டு, ரயில் முதலியவை 300. கூட்டினால் 2,440 பவுண்ட். பள்ளிக்குப் பள்ளி விலை மாறும். ஆனாலும் இந்த ஒரு விடுமுறைக்காக மட்டும் கற்றால் 800 பவுண்ட் போலக் கையை விட்டுப் போகும். இரண்டாவது பயணத்தில்தான் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். கடல் உங்களைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த வருடமும் போவோம் என்று தோன்றினால் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல முதலீடு. மிச்சம் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம்.

சான்றிதழ் கிடைத்த பிறகும் முதல் பயணத்தில் குறைந்தது இரண்டு நாளாவது ஸ்கிப்பர் வையுங்கள் என்பேன். பெரும்பாலான பள்ளிகள் ஒற்றை உடல் படகில்தான் சொல்லித் தருகின்றன. நீங்கள் எடுப்பதோ 12.80 மீட்டர் நீளம், 7.70 மீட்டர் அகலம். இரட்டை உடல் படகு பெரிதாகச் சாய்வதில்லை. அதனால் காற்று மிஞ்சியதை உடம்பு உணராது; காற்றுமானியைப் பார்த்து, படகிலுள்ள அட்டவணைப்படி பாயைச் சுருக்க வேண்டும். மெரினாவில் (படகுகள் கட்டும் துறையில்) ஒரு எஞ்சினை முன்னும் மற்றதைப் பின்னுமாக இயக்கினால் நின்ற இடத்திலேயே சுழலும், அது வசதி. ஆனால் உயரமான பக்கங்களும் ஆழமில்லாத அடிப்பகுதியும் இருப்பதால் பக்கக் காற்று எளிதில் தள்ளிவிடும்.

டெபாசிட் போகும் இடம் பெரும்பாலும் இதுதான். குரோஷிய மெரினாக்களில் பின்புறமாக வந்து கட்டுவார்கள். முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்க, துறை மேடையிலிருந்து கடலடியில் கிடக்கும் எடைக்கல்லுக்குப் போகும் கயிறு ஒன்றைக் கையில் தருவார்கள். அதை முன்பக்கம் கொண்டுபோய் இறுக்கும் வரை தண்ணீரில் தொய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் எஞ்சினை கியரில் போட்டால் கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும்; முக்குளிப்பவர் கூலி, பழுது எல்லாம் உங்கள் கணக்கில். கயிறு வந்த பக்கத்து எஞ்சினை நியூட்ரலில் வைத்திருப்பது ஒன்றே வழி.

டெபாசிட்டைக் குறைக்கும் காப்பீட்டை நிறுவனமே விற்கும். வாங்குவது நல்லது, ஆனால் டிங்கி (கரைக்குப் போய்வரும் சிறு படகு), அதன் எஞ்சின், கிழிந்த பாய், தொலைந்த நங்கூரம் ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் நீங்களே படகை ஓட்டும் பயணம் விலக்கப்பட்டிருக்கலாம். நீங்களே ஸ்கிப்பராக ஓட்டினால், பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடும் வேண்டும்.

கிரெடிட் கார்டுக்கு வருவோம். வட்டி கட்டும் கடனாகப் பயிற்சியைப் போடாதீர்கள். 4,000 யூரோ டெபாசிட்டை அதே கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். வரம்பை முன்பே நிரப்பிவிட்டால் சாவி கிடைக்காது. ஆனால் வாடகையின் முன்பணத்தை உங்கள் கார்டில் கட்டுவதில் அர்த்தமுண்டு. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ளதை வாங்கும்போது, பகுதித் தொகையைக் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. ஒப்பந்தம் கார்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும். இடையில் ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். பணம் கட்டும்போது பவுண்டா யூரோவா என்று மெஷின் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத கார்டாகப் பார்த்து.

வாடகையோடு முடிவதில்லை. கடைசிச் சுத்தம், போர்வை, சுற்றுலா வரி, டீசல், இவற்றுக்கு ஒதுக்குங்கள். கேட்டமரானுக்கு மெரினாக்கள் கூடுதல் கட்டணம் வாங்கும். உச்சப் பருவத்தில் ஒரு இரவு 200 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். வாரத்தில் இரண்டு இரவு மெரினா, மற்றவை மிதவையிலோ நங்கூரத்திலோ என்று வைத்துக்கொண்டால் கணிசமாகக் குறையும்.

இன்னொன்று, இரண்டு குடும்பம் என்பதால் சொல்கிறேன். பயிற்சிச் செலவு உங்களுடையது, அந்தத் திறமை உங்களோடு வருவதால். ஆனால் ஓட்டுபவர் நீங்கள் என்பதற்காக டெபாசிட் இழப்பு உங்கள் தலையில் மட்டும் விழக்கூடாது. பாதிப் பாதி என்று முன்பணம் கட்டும் முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதி, அவர்கள் 'சரி' என்று பதில் போட்ட பிறகு கார்டை எடுங்கள்.