செயற்கைக்கோள்களுக்கு இடையே லேசர் தொடர்பு: லேசர் பழைய சமாச்சாரம்தானே, இதில் அப்படி என்ன கஷ்டம்?

செயற்கைக்கோள்களை லேசரால் இணைக்கும் ஸ்டார்ட்அப் ஒன்றில் உங்களுக்கு வேலை வந்திருக்கிறது. லேசர் கண்டுபிடித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இவர்கள் புதிதாகச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது, நம்பிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லேசர் பழசுதான், கடையில் வாங்கிவிடலாம். அதைக் குறி பார்த்து அடிப்பதுதான் பாடு. குறி தவறாமல் லேசரில் தகவலை அனுப்பி வாங்கும் பெட்டியை நூறு, இருநூறு என்று ஒரே தரத்தில் செய்து கொடுப்பது அதைவிடப் பெரும்பாடு.

முதுகலை படித்தபோது ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, லேசர் கதிரை ஒரு ஃபைபருக்குள், அதாவது மெல்லிய கண்ணாடி இழைக்குள் செலுத்துவது. வெளிச்சம் போகவேண்டிய உள்கருவின் அகலம் சுமார் 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு என்று வையுங்கள். காலையில் மேசை முன் உட்கார்ந்தேன். திருகைத் தொட்டால் வெளிச்சம் வரும், கையை எடுத்தால் போய்விடும். நாலு மணி வாக்கில் ஒருவழியாகப் பாதி வெளிச்சம் உள்ளே போனது. யாரோ கதவை ஓங்கிச் சாத்தினார்கள். மீட்டரில் மறுபடி பூஜ்யம். ஆய்வக உதவியாளர் அண்ணன், "காபி குடிச்சிட்டு வாங்க தம்பி, அதுவும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். ஏசி ஓடி நின்று ஓடும்போது உலோகத் தாங்கிகள் நீண்டு சுருங்குவதில் கதிர் நகர்ந்துவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இதே வேலையை விண்வெளியில் செய்வதாக நினைத்துப் பாருங்கள். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வழியாக 1550 நானோமீட்டர் லேசரை அனுப்பினால், 5,000 கிலோமீட்டர் தாண்டி அது சுமார் நூறு மீட்டர் அகலத்துக்குத்தான் விரியும். எதிர் செயற்கைக்கோள் நம் பார்வைக்குக் குறுக்கே நொடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நமக்கு வந்து சேரும் வெளிச்சம் 17 மில்லிசெகண்டு பழசு. நாம் பதிலுக்கு அனுப்பும் வெளிச்சம் போய்ச் சேர இன்னொரு 17 மில்லிசெகண்டு. அதற்குள் அது 250 மீட்டர் நகர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தைப் பார்த்து அடித்தால் வெளிச்சம் முழுக்கத் தவறிவிடும்! பறக்கிற கொக்கை அடிப்பவன் முன்னால் தள்ளிக் குறி வைப்பதைப் போல இங்கேயும் செய்ய வேண்டும். இதற்கிடையில் நம் செயற்கைக்கோளைத் திருப்பும் சுழல் சக்கரங்களே அதை ஓயாமல் அதிர வைத்துக்கொண்டிருக்கும். அதைச் சமாளிக்க ஒரு சின்னக் கண்ணாடி நொடிக்குப் பல நூறு தடவை அசைந்து கதிரைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை வெயில், நிழல் மாறி மாறி வரும். திருகைத் திருப்ப அங்கே ஆள் கிடையாது.

முடியாத காரியம் இல்லை. 2001 நவம்பரிலேயே ஐரோப்பாவின் ஆர்ட்டெமிஸ், ஸ்பாட் 4 என்ற இரண்டு செயற்கைக்கோள்களும் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் லேசரில் பேசிக்கொண்டன. இப்போது ஸ்பேஸ்எக்ஸின் இணையச் செயற்கைக்கோள் வலையான ஸ்டார்லிங்க் அதை அன்றாட வேலையாக்கிவிட்டது. 2024 தொடக்கத்தில் அவர்கள் சொன்ன கணக்குப்படி 9,000க்கு மேற்பட்ட லேசர்கள் மேலே இயங்கின, ஒரு நாளைக்கு 42 பெட்டாபைட் (4.2 கோடி கிகாபைட்) தகவல் கைமாறியது. ரேடியோவைப் போல அலைவரிசை உரிமம் வாங்கும் தொல்லையும் இதில் கிடையாது. ஆனால் ஸ்டார்லிங்க் பெட்டிகளை ஸ்பேஸ்எக்ஸ் பெரும்பாலும் தனக்காகவே செய்துகொள்கிறது. மற்றவர்கள் யாரிடம் வாங்குவது? உங்களை வேலைக்குக் கூப்பிடுவது போன்ற நிறுவனங்கள் பிழைக்க இடம் இருப்பது அங்கேதான்.

அந்த இடத்தைப் பிடிக்கக் கிளம்பிய மைனாரிக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர்கள் 2009ல் வயாலைட் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். மியூனிக் பக்கத்தில் கில்ஷிங் என்ற ஊர். 2013ல் டொர்னாடோ போர் விமானத்திலிருந்து, அது மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போதே, 60 கிலோமீட்டர் தள்ளி இருந்த தரைநிலையத்துக்கு நொடிக்கு 1.25 கிகாபிட் அனுப்பிக் காட்டினார்கள். குறி பார்ப்பதில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது. 2017ல் ஃபிராங்பர்ட் பங்குச்சந்தைக்குப் போனார்கள், 2021ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கு. நடுவில் 2020 ஜூலையில் சீனாவுக்கு விற்கக் கூடாது என்று ஜெர்மன் அரசு தடை போட்டது. (இந்தத் துறையில் யாருக்கு விற்கலாம் என்பதை எஞ்சினியர்கள் முடிவு செய்வதில்லை.) அப்புறம் அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள் வலைப்பின்னலுக்கு காண்டோர் மார்க் 3 என்ற பெட்டிக்கு ஆர்டர்கள் வந்தன.

ஆர்டர் வந்த பிறகுதான் சிக்கலே. 2024ல் 5 முதல் 7 கோடி யூரோ வருமானம் வரும் என்று சொல்லியிருந்தவர்கள், ஆகஸ்டில் அதை 1.6 முதல் 2.4 கோடிக்குக் குறைத்தார்கள். உற்பத்தியில் எதிர்பார்த்த அளவுக்கு நல்ல பெட்டிகள் தேறவில்லை, உதிரிபாகங்களும் தட்டுப்பாடு என்றார்கள். பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. 2025 மார்ச்சில் ராக்கெட் லேப் என்ற அமெரிக்க ராக்கெட் நிறுவனம் மைனாரிக்கை 7.5 கோடி டாலருக்கு வாங்க விரும்புவதாக அறிவித்தது. இலக்குகளை எட்டினால் இன்னொரு 7.5 கோடி வரை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நாலு மணி மீட்டர்தான் ஞாபகம் வந்தது. ஒரு பெட்டியைச் சரிசெய்ய ஒரு கெட்டிக்கார முனைவருக்கு ஒரு வாரம் போதும். நூறு பெட்டிக்கு நூறு வாரம் யார் கொடுப்பார்கள்? பசை உலரும்போது ஒரு லென்ஸ் ஒரு மைக்ரான் இழுத்துக்கொண்டால் போதும், விண்வெளியைப் போலக் காற்றில்லாமல் சூடும் குளிரும் மாற்றிப் பார்க்கும் வெப்ப வெற்றிடச் சோதனையில் பெட்டி தோற்றுத் திரும்பி வரும். இது என் ஊகம்தான். மைனாரிக் தொழிற்சாலைக்குள் நான் போனதில்லை.

எனவே நேர்முகத்தில் எத்தனை கிகாபிட் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே நாலு தடவை சொல்லிவிடுவார்கள். மாதத்துக்கு எத்தனை பெட்டி வெளியே போகிறது, அதில் எத்தனை முதல் சோதனையிலேயே தேறுகிறது, ஒரு பெட்டியின் கதிரை நேர்படுத்த, அதாவது அலைன் செய்ய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேளுங்கள். இன்னொரு நிறுவனத்தின் பெட்டியோடு பேசிக் காட்டியாயிற்றா என்றும் கேளுங்கள், அமெரிக்க ராணுவத்தின் அந்த வலைப்பின்னலுக்கான ஒப்பந்தங்களில் அது கட்டாயம்.

சம்பளம் சுமாராக இருந்தாலும் நான் சேர்ந்திருப்பேன், உற்பத்திப் பக்கம் வேலை கொடுத்தால். வெறும் சிமுலேஷன் வேலை என்றால் யோசிப்பேன்.